வட்டி கையில் இருக்கிறது, அசல் இல்லை: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் திரு. சஞ்சய் மல்ஹோத்ரா அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பதினாறு வருடமாக எங்கள் ஊரில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஊக்குநராக இருக்கிறேன். குழுக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. அதோடு ஊரில் எந்தப் பெண்ணுக்கு வங்கிப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும், நகை வைக்கத் துணைக்கு ஆள் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன மேசைக்கு முன்னால் எத்தனையோ பகல்கள் நின்றிருக்கிறேன். அங்கே நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நகைக்கடன் முடியும் நாளில், வட்டியை முழுசாகக் கட்டுகிறவருக்கு, அதே கடனை இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை வேண்டும். வங்கி மனசு வைத்தால் கிடைக்கிற சலுகையாக அது இருக்கக் கூடாது.

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தெரியும். போன வருடம் ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். ஐந்து மா நிலம், அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள். வீட்டுக்காரர் மற்ற நாட்களில் கொத்தனாருக்குக் கையாளாகப் போவார். அக்கா நடவுக்கும் களைக்கும் போவார், நூறு நாள் வேலைக்கும் போவார். அவர்களிடம் இருக்கும் சொத்து என்றால் நாலு பவுன். இரண்டு பவுனில் தாலிச் செயின், ஒரு பவுனில் தோடும் ஜிமிக்கியும், மகள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீராக வந்த ஒரு பவுன் வளையல். 2024 ஜூனில் மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கவும் குறுவைச் செலவுக்குமாக நாலையும் ஒரு வங்கியில் வைத்து 1,10,000 ரூபாய் வாங்கினார். 9 சதவீத வட்டி. வருடத்துக்கு 9,900 ரூபாய். தனியாரிடம் வாங்குவதோடு பார்த்தால் இது கோயில் வட்டி என்று அப்போது நானே சொன்னேன்.

வருடம் முடிந்தது. வட்டிக்கு 10,000 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா வந்தார். முன்பெல்லாம் அது போதும். வட்டியைக் கட்டி, புதுத் தாளில் கையெழுத்துப் போட்டால் கடன் அடுத்த வருடத்துக்குப் போகும். அன்று கவுன்டரில் இருந்த தம்பி, "அக்கா, இப்ப அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டி நகையைத் திருப்பணும். நாளைக்கு வந்து புதுசா வெச்சுக்கலாம். மேலிடத்து உத்தரவு" என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. அவருக்குமே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் 1,10,000 ரூபாய் கையில் இருக்கிறவர் எதற்கு நகையை அடகில் வைத்திருக்கப் போகிறார்?

வங்கிக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் இருப்பார். எங்கள் பக்கம் இப்படிப்பட்டவர்கள் இரண்டு வருடமாகப் பெருகியிருக்கிறார்கள். நகையைத் திருப்ப ஒரு நாளுக்குப் பணம் தருவார். நூற்றுக்கு இரண்டு ரூபாய். அதுவும் மாதக் கணக்கில்லை, அந்த ஒரு நாளுக்கு. அக்காவுக்கு வேறு வழியில்லை. 1,10,000 ரூபாயோடு அந்த டீக்கடை ஆள் அனுப்பிய பையன் எங்களுடன் உள்ளே வந்தான். பணத்தை அவனே கவுன்டரில் கட்டினான். முத்திரை போட்ட துணிப்பையைப் பிரித்து நகையை மேசையில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து அப்போதுதான் அக்கா தன் நகையைப் பார்க்கிறார். கை நீட்டினார். பையன் முந்திக்கொண்டு எடுத்தான். "நாளைக்கு வைக்கிற வரைக்கும் எங்ககிட்ட இருக்கும்க்கா, அதான் முறை" என்றான். அக்கா வளையலை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி அக்கா தூங்கவில்லை. அந்த நகை அந்த ஆளிடம் இருப்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மாற்றி வைத்துவிட்டால்? இல்லையென்று சொல்லிவிட்டால்? பன்னிரண்டு மணிக்கு எனக்குப் போன் செய்தார். மறுநாள் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே இருவரும் வங்கி வாசலில் நின்றோம். பையன் பத்தரைக்கு வந்தான். நகையைப் புதிதாக வைத்தோம், மதிப்பீட்டுக் கட்டணம் மறுபடியும் கட்டினோம், பணம் வந்ததும் 1,12,200 ரூபாயை அவனிடம் எண்ணிக் கொடுத்தோம். அந்த 2,200 ரூபாய், வங்கி வாங்கும் வட்டியில் இரண்டரை மாதத்துக்கும் மேல். ஒரே ராத்திரிக்கு அவ்வளவு.

இதனால் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வங்கியின் கணக்கில் ஒரு கடன் முழுசாக அடைந்ததாகவும், மறுநாள் புதிய கடன் ஒன்று கொடுத்ததாகவும் எழுதியிருக்கும். தாளில் எல்லாம் சுத்தம். பெட்டகத்தில் அதே நாலு பவுன். நடுவில் ஒரு ராத்திரி அந்தத் தங்கம் ரசீது இல்லாமல் ஒரு கந்துவட்டிக்காரர் வீட்டில் இருந்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஐயா, உங்கள் வங்கி இந்தக் கெடுபிடியை எதற்காகக் கொண்டுவந்தது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2024 செப்டம்பர் 30 அன்று, நீங்கள் பொறுப்புக்கு வருவதற்கு முன்பு, ஒரு சுற்றறிக்கை வந்தது. வாடிக்கையாளர் இல்லாமலே நகையை மதிப்பிடுவது, ஏலத்தில் ஒளிவுமறைவு, தவணை முடிந்த கடனைக் கொஞ்சம் மட்டும் கட்டவைத்து அப்படியே தள்ளிப்போடுவது, இவையெல்லாம் நடக்கின்றன, மூன்று மாதத்துக்குள் சரி செய்யுங்கள் என்றது அந்தச் சுற்றறிக்கை. சொன்னது எல்லாம் நியாயம். கட்ட முடியாத கடனைக் கட்டியதாகக் காட்டுவதற்காகத் தள்ளிப்போடுவது தவறுதான். ஆனால் அக்கா வட்டியில் ஒரு ரூபாய் பாக்கி வைக்கவில்லை. அவருடைய நகையின் மதிப்பு அன்றைக்குக் கடனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மறைக்க அங்கே என்ன இருந்தது? வராக் கடனை மறைக்கிறவர்களுக்குப் போட்ட பூட்டு, ஒழுங்காக வட்டி கட்டுகிறவர்கள் வாசலிலும் தொங்குகிறது.

அதன்பின் 2025 ஏப்ரலில், நகை தன்னுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்கும் நகைக்கடன் வரைவு விதிகள் வந்தபோது தமிழ்நாட்டில் எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டி கொடுத்த செயினுக்கு ரசீதுக்கு எங்கே போவது என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். நிதி அமைச்சகமும் சின்னக் கடன்காரர்களுக்கு விலக்கு கொடுங்கள் என்றது. ஜூன் 6 அன்று நீங்கள் வெளியிட்ட இறுதி விதிகள் பல இடங்களில் இளகியிருந்தன. அதற்கு மனமார்ந்த நன்றி சொல்ல வேண்டும். 2.5 லட்சம் ரூபாய் வரையான கடன் என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம் வரை வாங்கலாம். அந்த அளவுக்கு வருமானத்தைத் துருவ வேண்டியதில்லை. கடனை அடைத்தால் அன்றைக்கே, மிஞ்சினால் ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும், தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். ஏலம் விட்டால் மிச்சப் பணம் ஏழு வேலை நாளுக்குள் திரும்ப வேண்டும். நல்ல விதிகள். 2026 ஏப்ரல் 1 முதல் எல்லோரும் கடைப்பிடித்தாக வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

அதே விதிகளில் புதுப்பித்தலைப் பற்றியும் இருக்கிறது. சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகு, கடன் ஒழுங்கான கணக்கில் இருந்து, நகையின் மதிப்பும் போதுமானதாக இருந்தால், கேட்பவருக்குப் புதுப்பிக்கலாம். ஐயா, அந்த "லாம்" என்ற இரண்டு எழுத்தில்தான் எங்கள் அக்காவின் ராத்திரி இருக்கிறது. புதுப்பிக்கலாம் என்றால் புதுப்பிக்காமலும் இருக்கலாம். ஒரு கிளையில் செய்வார்கள், பக்கத்து ஊர்க் கிளையில் மாட்டேன் என்பார்கள், கேட்டால் சிஸ்டம் விடவில்லை என்பார்கள். 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்காவது, இந்த மூன்றும் சரியாக இருந்தால் "புதுப்பிக்க வேண்டும்" என்று எழுதிவிடுங்கள்.

கட்சிகளும் பத்திரிகைகளும் 85 சதவீதத்தைத்தான் பெரிய வெற்றியாகப் பேசின. நான் அதில் அவ்வளவு மகிழவில்லை. கொரோனா நேரத்தில், 2020 ஆகஸ்டில், விவசாயம் அல்லாத நகைக்கடனுக்கு 90 சதவீதம் வரை கொடுக்க உங்கள் வங்கி அனுமதித்தது. அந்த மாதம்தான் தங்கம் உச்சத்தில் இருந்தது. ஏழெட்டு மாதத்தில் விலை இறங்கியது. உச்ச விலையில் முழுக்க வாங்கியவர்கள் வட்டியோடு சேர்த்துப் பார்த்தால் கடன் நகையைத் தாண்டி நின்றது, எங்கள் ஊரிலேயே ஏல நோட்டீஸ்கள் வந்தன. எங்களுக்குக் கூடுதல் கடன் அவ்வளவு அவசரமில்லை. இருக்கிற கடனைத் திருப்ப, எங்கள் கையில் பணம் வரும் மாதம் வேண்டும்.

இந்த மாதக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மும்பையில் இருந்து பார்த்தால் இது தெரிய வாய்ப்பில்லை. எங்கள் பக்கம் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அதை ஒட்டிக் குறுவைக்கு உழவு, விதை, நாற்றங்கால். அதே ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். நோட்டு, சீருடை, கல்லூரிக் கட்டணம். வீட்டில் ஒரு பைசா இல்லாத மாதம் அது. அதனால்தான் ஊரே ஜூனில் நகை வைக்கிறது. பணம் வருவது குறுவை அறுத்தால் செப்டம்பர், அக்டோபரில், சம்பா அறுத்தால் தை, மாசியில். ஜூனில் வைத்த நகைக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் தவணை மறுபடி ஜூனில்தான் முடியும். வருடத்தில் எந்த மாதம் எங்களால் முடியவே முடியாதோ அந்த மாதத்திலேயே முழுப் பணத்தையும் கேட்கிறது இந்தக் கணக்கு. சம்பளக்காரர் வீட்டில் எல்லா மாதமும் முதல் தேதி வரும். எங்களுக்கு வருடத்தில் இரண்டு முதல் தேதிதான்.

அந்த இரண்டும் நிச்சயமில்லை. 2025 அக்டோபரில் கொள்முதல் நிலையங்களில் குவித்த குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டதை நாடே டிவியில் பார்த்தது. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் வரவில்லை. அரசாங்கம் கூலி தரத் தாமதித்தால் அதற்கு ஏலம் கிடையாது. நாங்கள் தாமதித்தால் உண்டு.

தேசிய மாதிரி ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் விவசாயக் குடும்பங்களில் பாதிக்குப் பாதி கடனில் இருந்தன, சராசரிக் கடன் 74,121 ரூபாய். தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில். என் குழுவில் இருபது பேர். நகை வீட்டில் இருப்பவர்கள் யார் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். மற்றவர்கள் கழுத்தில் மஞ்சள் கயிறு.

தங்கம் விலை ஏறியதால் எங்களைப் போன்றவர்களுக்கும் லாபம்தானே என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

2025 புத்தாண்டில் சென்னையில் ஒரு பவுன் 57,000 ரூபாய் வாக்கில் விற்றது. அந்த வருடம் முடியுமுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. லாக்கரில் நூறு பவுன் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு வேலையும் செய்யாமல் நாற்பது லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. அக்காவின் நாலு பவுனும் அதே விலைதான் ஏறியது. ஆனால் அது அடகில் இருந்தது. ஜூனில் புதிதாக வைத்தபோது வங்கியில், "விலை ஏறியிருக்கு, இரண்டு லட்சம் வரைக்கும் தரலாம்" என்றார்கள். அக்கா 1,60,000 வாங்கினார். ஒரு நாள் பணம் 1,12,200 போக மிச்சத்தில் 30,000 ரூபாய் வாரக்கடன் ஒன்றை முடிக்கப் போனது. மகளிர் குழு என்ற பெயரிலேயே நடக்கும் தனியார் நுண்கடன் அது, வட்டி 20 சதவீதத்துக்கு மேல். பாக்கி, அக்கா மகனின் இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு. விலை ஏறியதில் அக்காவுக்குக் கிடைத்தது ஐம்பதாயிரம் ரூபாய் அதிகக் கடன். பணக்கார வீட்டில் சொத்தாக நிற்கும் அதே விலை, எங்கள் வீட்டுக்குள் வரும்போது கடனாக வருகிறது.

நகையே இல்லாத வீட்டைப் பாருங்கள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25இல் கூலி 319 ரூபாய், அடுத்த வருடம் 336. முழுக் கூலியும் கைக்கு வருவதாக வைத்துக்கொண்டாலும், 2025 தொடக்கத்தில் ஒரு பவுன் வாங்க 179 நாள் கூலி வேண்டும். வருடக் கடைசியில் 298 நாள். செய்கூலி, சேதாரம் தனி. நூறு நாள் முழுக்க வேலை கிடைத்து, ஒரு வேளையும் சாப்பிடாமல் மூன்று வருடம் சேர்த்தால் ஒரு பவுன். எங்கள் ஊரில் பெண்ணுக்கு ஐந்து பவுனாவது போடாமல் இப்போதும் சம்பந்தம் பேசுவதில்லை. இந்த வழக்கம் சரியென்று நான் சொல்லவில்லை. பல கூட்டங்களில் அதற்கு எதிராகப் பேசியிருக்கிறேன். ஆனால் அது மாறும் வரை, விலை ஏறுவதற்கு முன் நகை வைத்திருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நடுவில் இருந்த வாய்க்கால் ஒரே வருடத்தில் ஆறாகிவிட்டது.

இந்தியாவில் மேல்தட்டில் இருக்கும் நூற்றில் ஒருவரிடம் நாட்டின் சொத்தில் 40.1 சதவீதம் இருக்கிறது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2022-23ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டிருக்கிறது. சொத்து வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். 2019இல் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்கினார்கள். இவை உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அதனால் அவற்றை உங்களிடம் கேட்கவில்லை.

ஆனால் கடன் விதிகள் உங்கள் கையில் இருக்கின்றன. பத்து வருடத்தில் வங்கிகள் 16 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக நிதி அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்பதை நானும் அறிவேன், அதைத் தள்ளுபடி என்று சொல்லி நியாயமில்லாமல் பேச மாட்டேன். இன்னொன்றைச் சொல்கிறேன். 2023 ஜூன் 8 அன்று உங்கள் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடும், மோசடி என்று முத்திரை குத்தப்பட்ட கணக்குக்காரர்களோடும்கூட வங்கிகள் உட்கார்ந்து பேசிச் சமரசத் தீர்வு காணலாம் என்றது. அதற்குப் பின் குறைந்தது ஒரு வருடம் கழித்து அவர்கள் புதுக் கடனும் கேட்கலாம். குற்ற வழக்கு தனியாக நடக்கும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள், சரி. அவர்களோடு பேச ஒரு மேசை இருக்கிறது. வட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணோடு பேச ஏன் மேசை இல்லை?

அடகு என்றால் என்னவென்று உங்கள் வங்கிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1991 ஜூலையில் அந்நியச் செலாவணி தீர்ந்து நாடு தவித்தபோது, ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் வைத்து 40 கோடி டாலர் வாங்கியது. அன்றைக்கு நாடு வெட்கப்பட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. கையில் காசு இல்லாத மாதத்தில் நகையை வைத்துச் சமாளித்து, காசு வந்ததும் திருப்பினோம். எந்தக் குடும்பமும் அதைத்தான் செய்யும். சில மாதங்களில் கடன் அடைந்தது. இன்று உங்கள் கையிருப்பில் 880 டன் வரை தங்கம் இருக்கிறது. அந்த அவகாசம் நாட்டுக்குக் கிடைத்த மாதிரி எங்கள் வீடுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

புதுப்பிக்கும் உரிமையோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கேட்கிறேன், எல்லாமே கவுன்டரில் நின்று பார்த்ததால் தோன்றியவை.

நாலு நகையை ஒரே கடனில் வைத்தால், முழுக் கடனும் அடையும் வரை நாலும் உள்ளேதான். நாற்பதாயிரம் ரூபாய் கையில் வந்தால் செயினையாவது திருப்பிக்கொள்ள விடுங்கள். இதனால்தான் நான் எங்கள் பெண்களிடம் ஒவ்வொரு நகையையும் தனித்தனிக் கடனாக வையுங்கள் என்று சொல்லி வருகிறேன். ஆனால் ஒரே ஆளுக்கு நாலு கணக்கு என்றால் கிளையில் முகம் சுளிக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை நாலு மடங்கு. ஒரே கடனிலேயே பகுதி பகுதியாகக் கட்டி, கட்டியதற்கு ஏற்ற நகையை எடுக்க வழி வைத்தால் இரண்டு பக்கமும் சுலபம். தவணை முடியும் மாதத்தைக் கடன் வாங்குகிறவரே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஜூனில் வைக்கிறவர் மாசியில் முடிகிற மாதிரி கேட்டால் எட்டு மாதத்துக்குக் கொடுங்கள், அதற்கு அடுத்த மாசி என்று கேட்டால் அதையும் கொடுங்கள். பன்னிரண்டு மாதம் என்ற எல்லை எங்கள் வயலைப் பார்த்து வகுத்ததில்லை.

கடன் விவரத்தை அந்தந்த வட்டார மொழியிலோ, வாங்குகிறவர் கேட்கும் மொழியிலோ சொல்ல வேண்டும் என்பது உங்கள் விதியிலேயே இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் அது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பதினொரு பக்கத் தாளில் எங்கெங்கே பென்சிலில் குறியிட்டிருக்கிறதோ அங்கே போடு என்பார்கள். பெண்களுக்குத் தெரிய வேண்டியது நாலு வரி: வட்டி எவ்வளவு, எந்தத் தேதி, வட்டி மட்டும் கட்டினால் என்ன நடக்கும், கட்டாவிட்டால் எத்தனை நாளில் ஏலம். அந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் தமிழில் மதிப்பீட்டாளர் மேசைக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள். அதில் மூன்றாவது வரி நான் பார்த்த எந்தக் கிளையிலும் எழுத்தில் இல்லை.

ஏலத்தைப் பற்றி ஒன்று. எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். நோட்டீஸ் இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வந்தது. கதவிடுக்கில் நாலு மாதம் கிடந்தது. பொங்கலுக்கு வந்து எடுத்துப் பார்த்தபோது நகை போயிருந்தது. போன் நம்பர் வங்கியில் இருக்கிறது, புதுக் கடன் வேண்டுமா என்று கேட்டு அதே நம்பருக்கு வாரம் இருமுறை அழைப்பு வருகிறது. ஏலத்துக்கு முன் ஒருமுறை அந்த நம்பரில் தமிழில் கூப்பிட்டுச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் 2.5 லட்சத்துக்கு உட்பட்ட எத்தனை நகைக்கடன்கள் ஏலத்துக்குப் போயின என்பதையும் வருடத்துக்கு ஒருமுறை வெளியிடுங்கள். 2025 மார்ச்சில் வங்கிகளின் நகைக்கடன் நிலுவை இரண்டு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது, ஒரே வருடத்தில் இரட்டிப்பு என்று உங்கள் புள்ளிவிவரம் சொல்கிறது. வேறு தலைப்பில் இருந்த கடன்களை இதில் மாற்றி எழுதியதும் ஒரு காரணம் என்கிறார்கள். எவ்வளவு கடன் கொடுத்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை தாலிச் செயின் திரும்பி வரவில்லை என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

தள்ளுபடி கேட்கிறார்கள் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். 2021இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு அது உயிர் கொடுத்தது, நிஜம். ஆனால் வங்கியில் வைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, ஒழுங்காகக் கட்டி முந்தின மாதம் திருப்பியவருக்கும் ஒன்றுமில்லை. தேர்தலுக்குத் தேர்தல் வரும் மழையை நம்பி விதைக்க முடியாது. நாங்கள் வட்டி கட்டுகிறோம், இனியும் கட்டுவோம்.

அக்காவின் புதுக் கடன் ரசீதில் இருக்கும் தேதி 2026 ஜூன் 17. அன்றைக்கு வட்டி 14,400 ரூபாய். இந்த முறை முந்தானையில் முடிய வேண்டாம் என்று, வாரம் முந்நூறு நானூறு என்று என்னிடம் கொடுத்துச் சேர்த்து வருகிறார். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். நேற்றோடு 8,150 ரூபாய். சம்பாவில் தப்பியது அறுவடையானதும் மீதியையும் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூன் 17 காலையில் பதினாலாயிரத்து நானூறு ரூபாயோடு நாங்கள் இருவரும் அந்தக் கவுன்டருக்கு வருவோம். அங்கே இருக்கும் தம்பி எங்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை அதற்கு முன் நீங்கள் எழுதி அனுப்பிவிடுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு மகளிர் குழு ஊக்குநர்
திருவாரூர் மாவட்டம்